தலைக்கு ஊற்றிய தண்ணீர்

பேர்லேண்ட்
14 நவம்பர் 1999

ரோஷினிக் கண்ணுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளை ரஞ்சித்தும் அங்கே நல்லபடியாக இருக்க மீனாட்சியைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். உங்களைப் பார்த்துவிட்டுச் சீனாவிலிருந்து திரும்பி மூன்று வாரமாகியும் என் உடம்பு இன்னும் வந்து சேரவில்லை. பகலில் தூக்கம் அமுக்குகிறது, முழங்கால் வீக்கம் வடியவில்லை, பெட்டியில் பாதித் துணி எடுக்காமலே கிடக்கிறது. அப்பாவுக்கு பிளட் பிரஷர் மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். ஃப்ரீவேயில் என்னவோ வேலை நடக்கிறதாம், ஆபீசிலிருந்து வர ஒன்றேகால் மணி நேரம், வந்ததும் சோபாவில் சாய்ந்து வாய்க்குள்ளேயே திட்டுகிறார், ஃப்ரீவேயைத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். ஹில்கிராஃப்டில் இருக்கும் நம் ஊர்ச் சாமான் கடைக்குக் கூட்டிப்போங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, கறிவேப்பிலை இல்லாமலே ரசம் வைக்கிறேன்.

நாலு தடவை போன் பண்ணினேன். நாலு தடவையும் மாப்பிள்ளைதான் எடுத்து நீ தூங்குவதாகச் சொன்னார். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். ஆனாலும் அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே, மெதுவாக நீயே படி.

அன்றைக்கு அந்த மியூசியத்துக்கு நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். ஆறாயிரம் வருஷத்துப் பழைய ஊரைத் தோண்டி வைத்திருக்கிறார்கள், சின்ன இடம்தான், ரொம்ப நடக்க வேண்டாம் என்று நீதான் பஸ் ஏற்றினாய். பெரிய கூரைக்குக் கீழே குழி குழியாக வீடுகள், அடுப்பு எரித்த இடம்கூட அப்படியே கருப்பாக இருந்தது. ஓரமாக இருந்த பானைகளைப் பார்த்து எது அரிசிக்கு, எது பருப்புக்கு என்று நான் கேட்டேன் பார், என் வாயை என்ன சொல்ல. கைடு பெண் சொன்னதை நீ வழக்கம்போல் இங்கிலீஷிலேயே எனக்குச் சொன்னாய். பெரியவர்களை ஊருக்கு வெளியே புதைத்தார்களாம், சின்னப் பிள்ளைகளை மட்டும் பானையில் வைத்து வீட்டுப் பக்கத்திலேயே புதைத்தார்களாம். மூடியில் இருந்த சின்ன ஓட்டை உயிர் வந்து போவதற்கு என்றாய். நீ அங்கேயே நின்றுவிட்டாய். நான் கால் வலிக்கிறது என்று உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் என்ன செய்தேன் என்பதுதான் என்னைத் தின்கிறது. சுடுகாட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், கிட்டே வராதே, தொடாதே என்று உன்னை ஒதுக்கிவிட்டு நேரே குளியலறைக்குப் போனேன். சுடுதண்ணீர் ஏழு மணிக்குத்தான் வரும் என்றாய், பரவாயில்லை என்று பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன், சேலையையும் நனைத்தேன். துவட்டிக்கொண்டு வந்தபோது நீ கதவோரம் நின்றாய். பத்து வயதிலிருந்து எனக்கு இங்கிலீஷில் பதில் சொல்கிறவள் அன்றைக்குத் தமிழில் சொன்னாய், எம் பாப்பாவுக்கு நீ குளிக்கவே இல்லையேம்மா என்று. அப்புறம் ஏர்போர்ட் வரைக்கும் நீ என்னிடம் பேசவில்லை.

சொன்னது நிஜம். மார்ச்சில், உனக்கு ஏழாம் மாதத்திலேயே அந்தப் பிள்ளை உயிரில்லாமல் பிறந்ததாக நீ போனில் அழுதபோது, இதற்கெல்லாம் தீட்டுக் கிடையாது கண்ணு, யாரிடமும் சொல்லாதே, அடுத்தது வரும் என்றேன். உனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்தேன். அந்த வாரமே பங்குனி உத்திரத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கோயிலில் நின்ற போட்டோவை உனக்கே அனுப்பியும் வைத்தேன். யாரோ பெற்ற சீனத்துப் பிள்ளைகளுக்குத் தீட்டுப் பார்த்தவள் என் வீட்டுப் பிள்ளைக்குப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செய்தி கேட்ட அன்று தலை முழுகுவது நம் வழக்கம். எனக்குச் செய்தி இப்போதுதான் கேட்டது. வெள்ளிக்கிழமை காலை வெந்நீர்க் குழாயைத் திறக்காமல் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அப்பா ஏன் என்று கேட்டார், சொன்னேன். அவரும் டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்க் குளித்தார், அன்றைக்கு ஆபீஸ் போகவில்லை. பத்து மணிக்கு ஷ்யாமளா கோயிலுக்குப் போகக் காரைக் கொண்டுவந்தாள். உனக்கு ஏதாவது விசேஷமா என்று வாரா வாரம் கேட்பாளே, அவள்தான். எங்கள் வீட்டில் தீட்டு, வரமுடியாது என்றேன். ஐயோ, யார் என்று கேட்டாள். என் பேத்தி என்றேன்.

குளிர் வந்துவிடும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். நீ நன்றாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. இனிமேல் அடுத்தது எப்போது என்று கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவேன், பேச வேண்டாம், எடுத்தால் மட்டும் போதும்.

இப்படிக்கு
உன் அம்மா,
உன் மகளுக்கு அம்மாயி,
தனபாக்கியம்