பின்பக்கம் பார்க்காத பெட்டி

என் பிரியமான மச்சான் சண்முகத்துக்கு,

நீ போய் ரெண்டு வருசம் ஆகிறது. அங்கேயாவது ஒழுங்கான பேனா கொடுத்தார்களா, இல்லை இன்னும் அந்தக் கடித்த பென்சில்தானா? உன் பெண்டாட்டி, அதாவது என் தங்கச்சி, சுகம். உன்னைப் பற்றி இப்போது நல்லதாகவே பேசுகிறாள். செத்த பிறகுதான் உனக்கு அந்த யோகம்.

சேதிக்கு வருகிறேன். நீ பதிவேடு கிளாக்கராக உட்கார்ந்து தேய்த்த அறையில் இப்போது ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. நீ மின்விசிறி கேட்டபோது மூக்கால் சிரித்த கம்பனி, அதற்கு ஏசி போட்டிருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பழைய பதிவேடுகளைப் படம் பிடித்து, கொழும்பில் டைப் பண்ணி உள்ளே போட்டாயிற்று. எந்தப் பேரைக் கேட்டாலும் கண் இமைக்குமுன் எடுத்துத் தருமாம்.

எப்படி என்று கொழும்பு என்ஜினியர் விளக்கினான். நான் விளங்காமலே தலையாட்டினேன். பிறகு நமக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டேன். சாதாரணக் கம்ப்யூட்டர், லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு போய்க் கதவு தட்டும் கங்காணி. இதுவோ வேலைக்கு முன் ஆட்களைப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்களம். சில்லுகளெல்லாம் ஆட்கள் மாதிரி வரிசையில் நிற்கும். பேரை ஒரே தரம் கூப்பிட்டால் போதும், அந்தப் பேரை வைத்திருக்கிற சில்லு மட்டும் கை தூக்கும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தேடுவதால்தான் அந்த வேகமாம்.

திறப்பு விழாவில் பால்சோறு தின்றுவிட்டு முதலில் வந்தவள் நாலாம் லயத்து லெட்சுமி. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் லயக் காம்பராவில் பிறந்தவள், பிறப்பைப் பதியவில்லை, அதனால் அடையாள அட்டையும் இல்லை. இந்த மாதத்துக்குள் அட்டைக்கு எழுதிப் போடாவிட்டால் புது வீட்டுப் பட்டியலில் பேர் வராது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் பிள்ளைகளை விடும் புள்ளக்காம்பராவின் ரெஜிஸ்டரில் அவள் பேர் இருந்தால் அதை அத்தாட்சியாக எடுப்பதாகப் பிரதேச செயலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

என்ஜினியர் பேரைத் தட்டினான். விரலை எடுக்குமுன் பதில் வந்துவிட்டது. "டேட்டா எக்கே நே, அங்கிள்" என்றான் என்னிடம் சிங்களத்தில். டேட்டாவில் இல்லவே இல்லையாம். இல்லை என்று சொல்வதற்கு இவ்வளவு அவசரம் என்னத்துக்கு மச்சான்? நீயாக இருந்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ரெண்டு பேரைத் திட்டி, தேத்தண்ணி குடித்து, அரை நாள் கழித்தல்லவா கைவிரிப்பாய்?

லெட்சுமி பெட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தாள்.

"நான் பொறக்கவே இல்லன்னா என் ரெண்டு புள்ளைகள யாருங்கண்ணே பெத்தது? அதையும் இதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் பால்சோறு நெஞ்சில் நின்றது. ஏனென்று உனக்குத் தெரியும். நம்ம ஆட்கள் வெளித்தோட்டத்துச் சொந்தமெல்லாம் வரட்டும் என்று திருவிழாவரைக்கும் பேர் வைக்கமாட்டார்கள். குழந்தையோ அதற்கு முன்னாலேயே புள்ளக்காம்பராவுக்கு வந்துவிடும். அதனால் நீ முன்பக்கத்தில் தாய் பேரை மட்டும் போட்டு, லெட்சுமிக்கு 'முத்தாயி மகள்' என்கிற மாதிரி எழுதுவாய். பேர் வைத்த பிறகு அதே தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் பேரைப் போடுவாய்.

படம் பிடிக்கும் வேலைக்கு மேற்பார்வை யாரென்று கேட்கிறாயா? சாட்சாத் நான்தான். வந்தவர்கள் தாளைத் திருப்பப் போனபோது, "பின்னால எங்க மச்சான்ட கிறுக்கல்தான், விடுங்க" என்று பெரிய மனுசனாகச் சொன்னேன். விழாத் தேதிக்குள் முடிக்க வேண்டுமாம். பெரட்டுக்கே வராத ஆளை எத்தனை வேகமாகக் கூப்பிட்டு என்ன? வரவேண்டாம் என்று வாசலில் நின்று விரட்டியவன் நான்.

பதிவேடுகளைத் தொழிற்சாலை அடுப்புக்கு என்று கட்டி வைத்திருந்தார்கள். விறகுக்குப் பக்கத்தில், உனக்குக் கொடுத்த மரியாதையைப் பார். மூன்று நாள் தும்மித் தும்மித் திருப்பினேன். லெட்சுமியும் எதிரே உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே திருப்பினாள். கடைசியில் அகப்பட்டாள். 'முத்தாயி மகள், பேர் லெட்சுமி', தேதி, உன் கையெழுத்து. அதற்குக் கீழே: 'பேர் வைப்புச் சாப்பாட்டில் முதல் பந்தியிலும் கடைசிப் பந்தியிலும் என் மச்சான்.' பாவி, அரசாங்கத்துக்குக் காட்டவேண்டிய தாளடா அது!

செயலகத்து அதிகாரி நோனா, சிங்களவர் என்றாலும் தமிழ் வாசிப்பார். அந்த வரியைப் படித்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார். இப்போது பெட்டியிலும் லெட்சுமி பேரை ஏற்றியாயிற்று. தட்டினால் கண் இமைக்குமுன் வருகிறது. தன் பெட்டி கண்டுபிடித்துவிட்டதாக என்ஜினியர் போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

அடுப்புக்குப் போகவிருந்த கட்டெல்லாம் இப்போது என் வீட்டுக் கட்டிலுக்கடியில். இனி ஒவ்வொரு தாளையும் நானே திருப்பிப் படம் பிடிக்கிறேன், மச்சான். என்னைப் பற்றி இன்னும் என்னென்ன எழுதி வைத்திருக்கிறாயோ, அதில் ஒரு வரியைக்கூட விடமாட்டேன்.

இப்படிக்கு,
ரெண்டு பந்தியிலும் உட்கார்ந்த உன் மச்சான்,
உன் பெண்டாட்டியின் அண்ணன் ராசு.