அக்காவுக்கும் அதே வெட்டு

சனிக்கிழமை, ராத்திரி

பாப்பா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கை நெற்றிக்கே போகிறது.

நாளைக்குச் செய்யூரில் பாப்பாவுக்கு மொட்டையும் காதுகுத்தும். பிரசவத்துக்குப் பிறகு நெற்றியோரம் முடி கொட்டிப்போனது. அதை மறைக்க, முன்முடியைப் புருவம் வரைக்கும் வெட்டிக்கொள்ளலாம் என்று இன்றைக்குப் பார்லருக்குப் போனேன். வெட்டும்போது மடியிலிருந்த பாப்பா வீலென்று கத்த, நான் சட்டென்று குனிந்துவிட்டேன். கத்தரி மேலே ஏறிவிட்டது; பாதி நெற்றி வெளியே தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

"நான்தான் ஆடிட்டேன்க்கா."

"கத்தரி யார் கையில கீது? என் தப்புதான்," என்றார் பார்லர் ஸ்டெல்லா அக்கா. மிச்சத்தையும் அதே அளவுக்குச் சரிசெய்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்து, தன் முன்முடியை இழுத்துப் பிடித்து, நறுக்கென்று வெட்டிக்கொண்டார்!

"ஐயோ, இன்னாக்கா பண்றீங்க?"

"நாளைக்கு நானும் வரேன். ஒருத்தி இப்டி இருந்தா சிரிப்பாங்க. ரெண்டு பேர் இருந்தா ஸ்டைலும்பாங்க."

கண்ணாடியில் ரெண்டு பேரும் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் மாதிரி இருந்தோம். அழுத கண்ணோடு அப்படிச் சிரித்தேன்.

வீட்டில் இவர் பார்த்ததும், "மொட்டை பாப்பாவுக்குத்தான? நீ இன்னாத்துக்கு அவசரப்பட்ட?" என்றார்.

மாமியார் என்ன சொல்வாரோ. சொல்லட்டும். எனக்குத் தலைவாரிப் பூ வைக்க அக்கா காலையிலேயே வந்துவிடுவார். போட்டோவில் அவர் பக்கத்தில்தான் நிற்பேன்.

பாப்பாவுக்கு முடி வளர்ந்ததும் முதல் வெட்டு அக்கா கையால்தான். அன்றைக்குப் பாப்பாவை மடியில் வைத்துக்கொள்வது மட்டும் இவர்.