ராணி பால் கொடுத்த வீட்டிலிருந்து

ராணிக்கண்ணு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் எனக்குப் பேச்சைத் தொடங்கத் தெரியும். இப்போது உன்னிடம் அதைக் கேட்க முடியாது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கம்பெனிக்குப் போய் வருகிறேன். யாராவது உன் பேரை எடுத்தால் ஆமாங்க என்கிறேன். அவ்வளவுதான்.

இங்கே பெரிய செய்தி ஒன்றுமில்லை. வெளிநாட்டில் கடைக்காரர்கள் வாங்குவதைக் குறைத்துவிட்டார்களாம். ஆர்டர் பாதியாகிவிட்டது. மேல்மாடியில் லைட் போடுவதே இல்லை. உன் வீட்டுக்காரர் தைத்துக்கொண்டிருந்த மெஷினில் ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் உட்கார்கிறார். அவருக்கு நாம் பேசுவது புரியாது, சிரிக்கிறார். நானும் சிரித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். தெரிஞ்சதையே சொல்றீங்களேக்கா என்று சொல்லாதே.

அப்போது எங்களுக்கு இந்த மூன்று மாடி கிடையாது. பொங்கலூரில் கிணறு வற்றிப்போன பூமியில் பாதியை விற்றுவிட்டு, என் வீட்டுக்காரர் இவர் பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு ஷெட் போட்டு பனியன் தைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். ஷெட்டை ஒட்டி எங்கள் வீடு. எங்கள் சுவரை ஒட்டி வரிசையாக நாலு லைன் வீடு. அதில் முதல் வீட்டுக்கு நீயும் செல்லத்துரையும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தீர்கள். அவர் எங்கள் ஷெட்டில் டெய்லர். நீ இரண்டு தெரு தள்ளி ஒரு கம்பெனியில் செக்கிங். ஓட்டை விழுந்த பனியனைக் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து பார்க்க விடமாட்டார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வயிறு தெரிந்தது. எனக்கு என் மாமியார் வேளைக்கு ஒன்றாகச் செய்து வைப்பார். நான் வேண்டாம் என்று தள்ளுவேன். நீ ஒன்பதாம் மாதம் வரைக்கும் நின்றுகொண்டே வேலை பார்த்தாய். சாயங்காலம் வந்து வாசலில் உட்கார்ந்து, வீங்கிப்போன காலை நீயே பிடித்துவிட்டுக்கொள்வாய்.

எனக்கு பிரைவேட் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கவின் பிறந்தான். அதற்கு இரண்டு நாள் முன்னால் உனக்குப் பெரியாஸ்பத்திரியில் ஒரு பையன். உன் பிள்ளை மூன்றாம் நாள் போய்விட்டான். எடை போதவில்லை என்றார்களாம். செல்லத்துரை துண்டில் சுற்றி எடுத்துப்போய் சர்ச் கல்லறையில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் வந்து மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பால் வரவில்லை. பூண்டு, கருப்பட்டி, முருங்கைக்கீரை எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பால் பவுடர் கவினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததெல்லாம் வெளியே போயிற்று. உச்சிக்குழி உள்ளே போய்விட்டது. டாக்டரம்மா, தாய்ப்பால் கிடைச்சா நல்லா இருக்கும் என்று என்னிடமே சொன்னார். வீட்டில் இல்லாத பொருள் கிடையாது. தொட்டில் இரண்டு வந்திருந்தது. என் பிறந்த வீட்டிலிருந்து ஒன்று, மாமியார் வாங்கியது ஒன்று. பிள்ளை இரண்டிலும் கிடக்காமல் கத்திக்கொண்டே இருந்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருந்தாய். பால் வற்றுவதற்காக உன் சித்தி மல்லிகைப்பூ வாங்கி உன் மார்பில் வைத்துக் கட்டியிருந்தாள். இதை நீதான் பிறகு சொன்னாய்.

ஒரு மத்தியானம் நீ எங்கள் வாசலுக்கு வந்தாய். அதுவரைக்கும் நீ அந்த வாசலைத் தாண்டியதில்லை. தாண்டச் சொன்னவர்களும் இல்லை.

"அக்கா, பிள்ளய இங்கன தாங்க."

எனக்குப் புரியவில்லை.

"அவன் அழுதாமுன்னா எனக்குச் சுரந்து சீலையெல்லாம் நனையுது. பூ வச்சுக் கட்டியும் நிக்க மாட்டேங்கு. அவுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். தாங்கக்கா, வலிக்கி."

என் மாமியார் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன்னைப் பார்த்தார். கவினைப் பார்த்தார். எங்கள் ஆட்கள், உங்கள் ஆட்கள் என்று எத்தனையோ நாள் அந்த வாயால் பேசியவர். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நா மாவு மில்லுக்குப் போயிட்டு வந்தர்றனுங் கண்ணு" என்றார் என்னிடம். கையில் தூக்குப் பாத்திரம் இல்லை, பை இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

பிள்ளையை உன் மடியில் வைத்தேன். அவன் விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. நீ அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்ன தேதி என்று பார்த்தாயா? உன் பிள்ளைக்கு எத்தனையாவது நாள் என்றா? நான் கேட்கவில்லை. அவன் தூங்கிய பிறகுதான் குனிந்து பார்த்தாய். அவன் வாயோரத்தைச் சீலையால் துடைத்துவிட்டு, "நல்லாக் குடிக்கான்" என்று மட்டும் சொன்னாய்.

அன்றிலிருந்து நீ வரும்போதெல்லாம் என் மாமியார் மில்லுக்குப் போனார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு மாவு சாப்பிடவில்லை. அவர் கண்ணால் பார்க்காத வரைக்கும் அது நடக்கவில்லை. ஆனால் வந்து உனக்குச் சோறு போடுவார். முட்டை, கீரை, பூண்டு போட்டுக் காய்ச்சிய பால், நெய் ஊற்றிய பருப்பு. வேலையாட்களுக்கென்று வைத்திருந்த தட்டில்தான் போடுவார். தட்டு தனி. பால் மட்டும்தான் தனியில்லை.

ஒருநாள் முட்டையைப் பிட்டு வாயில் வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாய்.

"எம்பிள்ள வயித்துல கெடக்கும்போது இதுல பாதி தின்னுருந்தா..."

என் மாமியார் குழம்புக் கரண்டியோடு நின்றார். "தின்னு சாமி" என்றார். அதுதான் அவர் உன்னை முதல்முறையாகச் சாமி என்று கூப்பிட்டது. நீ தின்றாய். எனக்கு அந்தச் சாப்பாடு ஒருநாளும் குறைந்ததில்லை, ராணி. நான் பாதியைத் தள்ளிவைத்தே பழகியவள்.

கவின் தேறினான். கன்னம் வைத்தது. நீ உள்ளே நுழையும் சத்தம் கேட்டாலே கையைக் காலை உதைப்பான். ஒருநாள் செல்லத்துரை பாபின் நூல் கேட்க வந்தவர், கவின் உன் மடியில் கிடந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிப் போனார். அவருக்கு இது பிடித்திருந்ததா? வீட்டில் உன்னை ஏதாவது சொன்னாரா? நீ சொன்னதேயில்லை. கவின் நிலையைப் பிடித்து நடக்கிற சமயத்தில் உனக்கு மறுபடி நாள் தள்ளிப்போயிற்று. பால் நின்றது. ஜெனி பிறந்தாள். நல்ல எடையோடு பிறந்தாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஏறுமுகம்தான். ஷெட் கம்பெனியானது. லைன் வீடுகளை இடித்துத்தான் மேலே மூன்று மாடி எழுப்பினோம். நாங்கள் இதே ஊரில் ராயபுரத்தில் மார்பிள் போட்ட வீட்டுக்குப் போனோம். நீங்கள் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரமாக ஒரு அறைக்குப் போனீர்கள். குடிதண்ணீருக்கு நீ குடத்தோடு நின்ற இடத்தைத் தாண்டித்தான், பட்டறைக்கு லாரி லாரியாக நல்ல தண்ணீர் போகும். வீடு மாறும்போது இவர் உன்னிடம், "உனக்கு என்ன வேணும்னு கேளு ராணி, கூச்சப்படாத" என்றார். நீ யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு வந்து பிள்ளயப் பாத்துட்டுப் போறேன்" என்றாய். வேறொன்றும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நீ தவறியதில்லை. ஜெனியைக் கூட்டிக்கொண்டு வருவாய். கவின் 'ராணிம்மா' என்று ஓடிவருவான். நான் தட்டை வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே மாடிப்படி ஏறி இறங்குவேன். ஜெனி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு விரலையும் சப்புவாள். நீ இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருப்பாய். என்ன நினைத்தாய்?

காய்ச்சல் என்று கேள்விப்பட்டபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண் மஞ்சளாக இருக்கிறது என்று செல்லத்துரை சொன்ன அன்றே காரை அனுப்பி உன்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனோம். டாக்டர்கள் ஈரலைப் பற்றி என்னவோ சொன்னார்கள். இவர் எது வேண்டுமானாலும் செய்யுங்க என்றார். செய்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். எங்களுக்கு எதுவுமே சரியாகாமல் போனதில்லையே.

நீ போனதும், உன்னை ஊருக்குக் கொண்டுபோக வண்டி ஏற்பாடு செய்கிறோம் என்றோம். செல்லத்துரை வேண்டாம் என்றார். "மூத்தவன் இங்கதான கெடக்கான். அவங்கிட்டயே இருக்கட்டும்."

கல்லறையில் கூட்டம் அதிகமில்லை. உன் கம்பெனிப் பெண்கள், சர்ச்காரர்கள், நாங்கள். ஜெபம் முடிந்து, வீட்டு ஆட்கள் வந்து மண் போடலாம் என்றார் ஜெபம் நடத்திய சர்ச் ஐயர். செல்லத்துரை போட்டார். ஜெனி கையைப் பிடித்துப் போட வைத்தார்கள். "மகன் யாரும் இருக்காங்களா?" என்று ஐயர் கேட்டார். "பையன் இல்லீங்கையா" என்று யாரோ பதில் சொன்னார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வாய் இருந்ததே ஞாபகமில்லை.

என் மாமியார் கவினின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "போ கண்ணு. நீயும் போயி மண்ணுப் போடு சாமி."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். "இது யாருங்கம்மா?" என்று ஐயர் கேட்டார்.

"எம்பட பேரனுங்க. அந்தப் புள்ளையோட பாலக் குடிச்சு வளந்தவன். நா பாத்தனுங்க."

நான் பார்த்தேன் என்று சொன்னார், ராணி. ஒருநாள்கூடப் பார்க்காதவர்.

கவின் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டான். அவன் புது ஷூவெல்லாம் செம்மண். நான் அந்த ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயிருந்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள். என் மாமியாரும் அழுதார். எனக்கு, வீட்டுக்குப் போனதும் ஷூவைக் கழுவ வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கழுவினேன்.

பதினாறாம் நாளுக்கு அப்புறம் செல்லத்துரை கணக்கு முடிக்க வந்தார். ஊருக்கே போகிறேன், அம்மாவிடம் இருந்துகொள்கிறோம் என்றார். நான் ஜெனியை இங்கே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். கவின் படிக்கும் பள்ளிக்கூடத்திலேயே படிக்க வைக்கிறேன், எங்கள் வீட்டுப் பிள்ளையாக வளர்க்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"உங்ககிட்ட எல்லாம் இருக்குக்கா. எனக்கு இவ ஒருத்திதான் இருக்கா."

ஜெனிக்கு இரண்டு கவுன் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பஸ் ஏறும்போது கவின் கையாட்டினான். அவளும் ஆட்டினாள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கவின் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறான். வா என்றால் வருகிறான். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டான்.

"ராணிம்மா எதுக்கும்மா எனக்குப் பால் குடுத்தாங்க?"

"அம்மாவுக்குப் பால் இல்ல கண்ணு. அவங்களுக்கு இருந்துச்சு."

"அவங்களுக்கு எப்படி இருந்துச்சு? ஜெனி அப்பப் பொறக்கவே இல்லைன்னு அப்பாயி சொன்னாங்களே?"

என் மாமியார் எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டார். நான் அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவன் அதைக் குடித்துவிட்டு விளையாடப் போய்விட்டான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

கேள்வி அப்படியே நிற்கிறது, ராணி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் வளர்த்தால் அவன் தனக்குக் கிடைத்ததெல்லாம் தனக்கென்றே வந்தது என்று நினைத்துக்கொள்வான். நான் அப்படித்தான் வளர்ந்தேன்.

வருகிற கல்லறைத் திருநாளுக்குக் கவினைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். உன்னிடம் மட்டுமில்லை, உன் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன மேட்டுக்கும் கூட்டிப்போவேன். இவன் உன் அண்ணன் கண்ணு, நீ குடிச்சதெல்லாம் இவனுக்கு வந்த பால் என்று அவனிடம் சொல்வேன். எனக்கு அழுகை வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன்.

உன் மகனைப் பெற்றவள்,
சுமதி