கேட்டைத் திறந்து போட்டது யார்?

என்னங்க, தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. நம்ம நாய் சாப்பிட்டாச்சு, பட்டினி மாதிரி பார்த்தா நம்பாதீங்க.

பத்து மணிக்கு நகராட்சி ஆள் வருவார். பக்கத்து வீட்டுக் கோழியைக் கடிச்சது முதல் தடவைங்கிறதால, நாயைக் கட்டிப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவாராம். மறுபடி கடிச்சாத்தான் பிடிச்சுட்டுப் போவாங்களாம். கோழியும் பிழைச்சுக்கிச்சு.

அவருக்காக நீங்க எழுதி வச்ச விளக்கத்தைப் படிச்சேன். கேட்டைத் திறந்து போட்டது நீங்கன்னு எழுதியிருக்கீங்க. நான்தான்னு உங்களுக்குத் தெரியும். ரெண்டு நாளா உங்களைத் திட்டித் தீர்த்தேன், வாயே திறக்கலையே! அதைக் கிழிச்சுட்டு, உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃப்ரிட்ஜ் மேல வச்சிருக்கேன்.

பி.கு.: கோழிக்காரம்மா கேட்டா மட்டும் நீங்கன்னே இருக்கட்டும். அவங்ககிட்ட உங்களைத்தான் சொல்லி வச்சிருக்கேன்.