தானே குடித்தாள்

அன்புள்ள மச்சான்,

நீங்கள் போனை எடுக்காததால் எழுதுகிறேன். ஊரில் வேலை அதிகமாக இருக்கும்.

நாள் நிறையுமுன் இரண்டு மாதம் முந்திப் பிறந்த நம் மகளுக்கு இதுவரை மூக்குக் குழாய் வழியாகத்தான் என் பாலைக் கொடுத்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் அறையில் பீச்சி, ஐஸ் பெட்டியில் வைத்து, தினமும் எல்ஆர்டி ரயிலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். இன்று குழாயை எடுத்துவிட்டார்கள். என் மார்பில் வாய்வைத்துத் தானே குடித்தாள்! யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"இன்னும் பேர் வைக்கலையா லா, அக்கா? அப்பா எப்ப வராரு?" என்று நர்ஸ் ஷார்மைன் கேட்டாள்.

நீங்கள்தான் பெயர் வைப்பதாகச் சொல்லிப் போனீர்கள். நாற்பது நாள் காத்திருந்தேன்.

"ருமைஸான்னு எழுதிக்கம்மா" என்றேன். தொட்டில் அட்டையில் எழுதிவிட்டாள்.

பிடிக்கவில்லையென்றால் நேரில் வந்து சொல்லுங்கள்.

உங்கள் மகளின் உம்மா