சேலையில் பாதியில் நின்ற ஆறு

டீச்சர்,

என் வெள்ளைச் சேலை இன்று காலையில் வீடு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்துப் பியூன் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். நான் வாய் திறப்பதற்குள் நடையைக் கட்டிவிட்டான். பையைப் பிரித்ததும் எலி மூத்திர வாடை குப்பென்று அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. சூடான கண்ணாடியும் தூசியும் சேர்ந்த வாடை. புரொஜக்டர் ஓடி ஓய்ந்ததும் உங்கள் வகுப்பறையில் கொஞ்ச நேரம் நிற்குமே, அதுதான். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தமிழ்ப் பிரிவை மூடிவிட்டார்கள், டீச்சர். அறையைக் காலி செய்கிறார்கள். அதனால்தான் சேலை திரும்பி வந்தது. என்னை நினைத்து யாரும் அனுப்பவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தோளில் போட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் யார் எந்த இடத்தில் நின்று என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. அது உங்களுக்குத் தெரியும்.

எஸ்டேட் வேலையில் ஓய்வு கொடுத்த பிறகு நான் பள்ளிக்கூடத்தில் கஞ்சி காய்ச்சப் போனேன். என் அடுப்புக்கு நேர் எதிரே உங்கள் ஜன்னல். கேரள அரசாங்கத்திலிருந்து புரொஜக்டரும் லேப்டாப்பும் வந்த அன்று ஹெட்மாஸ்டர் மாலை போடாத குறையாக அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூடவே வந்த பாடங்கள் எல்லாம் மலையாளத்தில் இருந்தன. நம் பிள்ளைகள் படிப்பது தமிழில். இதை நீங்கள் கேட்டதற்கு, படம் ஓடுகிறது அல்லவா, பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அவர் வேறு எங்கிருந்தோ வந்தவர் என்றால் எனக்கு வருத்தமில்லை. இதே லயத்து வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிப் பிறந்தவர். அவருடைய பிள்ளைகள் டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்.

நீங்கள் என் கஞ்சிக் கொட்டகைக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள். கோபம் வந்தால் நீங்கள் தண்ணீர்தான் குடிப்பீர்கள்.

"சோத்தப் பாத்துக்கிட்டே இருந்தா பசி அடங்கிருமா பெரியம்மா? எடுத்து ஊட்டணும்லா" என்றீர்கள்.

பிறகு அந்தப் படங்களுக்கெல்லாம் நீங்களே தமிழில் பேசிச் சேர்க்க ஆரம்பித்தீர்கள். குவார்ட்டர்ஸில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, உள்ளே போனை வைத்துப் பேசுவீர்கள். வெளிச்சத்தம் விழாமல் இருக்க அப்படியாம். வேர்த்து விறுவிறுத்து நீங்கள் வெளியே வருவதைப் பார்த்துவிட்டு, டீச்சர் ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி கஷாயம் கொண்டுவந்து கொடுத்தாள். நீங்களும் வாங்கிக் குடித்தீர்கள்.

படம் விழுவதற்குத்தான் இடமில்லை. சுவர் முழுக்க ஈரம் ஏறிப் பச்சையாகக் கிடந்தது. அதன்மேல் விழுந்தால் எந்த முகமும் அடிபட்ட முகம் போலத் தெரிந்தது. ஆளுக்கொரு படுக்கை விரிப்பு கொண்டுவந்தோம். லயத்தில் பூப்போடாத விரிப்பு எந்த வீட்டில் இருக்கிறது? நீங்கள் சூரியனைக் காட்டினீர்கள், நடுவில் ஒரு பெரிய ரோஜாப்பூ. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து அன்று பாடமே நடக்கவில்லை.

அப்போதுதான் என் பெட்டியிலிருந்த சேலையைக் கொடுத்தேன். கோயிலில் தாலி கட்டியபோது உடுத்திய வெள்ளைச் சேலை. கிறிஸ்தவர்களான எங்களில் அதைப் பத்திரமாக வைத்திருந்து, சவப்பெட்டியில் வைக்கும்போது மறுபடி உடுத்திவிடுவார்கள். உங்கள் கையில் கொடுக்கும்போதே சொன்னேன், இது நான் மண்ணுக்குள் போகும்போது கட்டிக்கொள்ள வேண்டியது, திரும்பி வரவேண்டும் என்று.

"நீங்க போறதுக்குள்ள குடுத்துருதேன் பெரியம்மா" என்றீர்கள்.

நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

அந்தச் சேலையில் நீங்கள் காட்டியதையெல்லாம் நான் கஞ்சி கிண்டியபடியே பார்த்தேன். ஒரு மொச்சைக் கொட்டை வெடித்து, முளை விட்டு, இலை விரித்து நின்றது. பல நாள் வேலையை ஒரு மூச்சில் செய்துகாட்டியது. கணக்குப் பாடத்தில் ஒரு முக்கோணம் வந்தது. அதன் மூக்கைப் பிடித்து எந்தப் பக்கம் இழுத்தாலும் உள்ளே இருந்த மூன்று எண்களும் மாறின. ஆனால் கூட்டினால் ஒரே விடைதான் வந்தது. என் பேத்தி எஸ்தரைத்தான் நீங்கள் இழுக்கச் சொன்னீர்கள். அதுவரை கணக்கு என்றால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறவள், அன்று வீட்டுக்கு வந்து மூன்று ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறகு ஒருநாள் மேலே வானத்திலிருந்து எடுத்த படம். உலகத்தில் ஆரம்பித்து இறங்கி இறங்கி வந்து நம் எஸ்டேட்டில் நிறுத்தினீர்கள். கொழுந்து எடுத்துவிட்டுப் போன பெண்களும் ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். நம் லயம் தீப்பெட்டி அடுக்கினது போலல்லவா இருக்கிறது என்றாள் ஒருத்தி. இந்தத் தீப்பெட்டியில் குழாய்த் தண்ணீருக்காகத்தான் நீ என் மயிரைப் பிடித்தாயா என்றாள் இன்னொருத்தி. நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஃபாக்டரிக்குப் பின்னால் ஓடும் ஓடையைக் காட்டினீர்கள். இது எந்த ஆற்றில் சேர்கிறது, அது எப்படிக் கடலுக்குப் போகிறது, யார் வந்து காட்டுவீர்கள் என்று கேட்டீர்கள்.

நீங்கள் பதிந்து வைத்திருந்த ஆற்றுப் பாடம் ஓட, எஸ்தர் எழுந்து போனாள். கரும்பலகையில் சாக்பீஸால் கோடு போட்டே பழகிய கை. கையில் இருந்தது நீல ஸ்கெட்ச் பேனா. துணி என்பது நினைவில்லாமல் ஓடையின் மேலேயே கோடு இழுத்துக்கொண்டு போனாள். மலை இறங்கி, வளைந்து, அணைக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது.

அந்த நேரத்தில் ஃபாக்டரியில் ஊதிய சங்கு அல்ல. நீங்கள் கம்பளிக்குள் பேசிப் பதிந்தபோது ஃபாக்டரியில் ஊதிய சங்கு, பாடத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? சங்கு ஊதினால் கஞ்சி. எல்லாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு என் கொட்டகைக்கு ஓடிவந்துவிட்டார்கள். எஸ்தரும் பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கஞ்சி இன்னும் கொதிக்கவே இல்லை. வகுப்பறையில் நீங்கள் மட்டும் நின்றீர்கள், உங்கள் குரல் யாருக்கோ பாடம் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று நான் உங்களிடம் பேசவில்லை. சேலையைச் சுவரிலிருந்து கழற்றி எலுமிச்சம்பழம் தேய்த்தேன், சோப்புப் போட்டேன், வெயிலில் போட்டேன். அந்த நீலம் போகவில்லை. நீங்கள் வந்து கெஞ்சினீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் மறுபடி சேலையைக் கொண்டுபோய்ச் சுவரில் கட்டியவள் நான்தான்.

அந்தப் பாடத்தை நீங்கள் திரும்பப் பேசிப் பதியவில்லை. எப்போது பேசினாலும் ஏதாவது ஒரு சங்கு விழத்தான் செய்யும் என்று விட்டுவிட்டீர்கள். சங்குச் சத்தத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு வரி சேர்த்தீர்கள். "சங்குதான் பிள்ளைகளா. யாரும் எந்திரிக்காதீங்க, பாடம் முடியல." அதன்பிறகு ஒவ்வொரு முறை அந்த வரி வரும்போதும் பிள்ளைகள் உங்களோடு சேர்ந்து சத்தமாகச் சொன்னார்கள்.

புரொஜக்டரின் விளக்கு போனது அந்த ஆனி மழையில். ஹெட்மாஸ்டரிடம் சொன்னீர்கள். மேலே எழுதியிருக்கிறேன் என்றார். மறுபடி சொன்னீர்கள், மறுபடி எழுதினார். கடைசியில் நீங்களே அதைச் சால்வையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்கு ஜீப் ஏறினீர்கள். மரங்கள் வேரோடு ஆடிக்கொண்டிருந்த நாள் அது. மழை விடட்டும் டீச்சர் என்று ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"நாளைக்கு இருதயப் பாடம் பெரியம்மா. ரத்தம் ஓடுறத கரும்பலகையில எப்படி ஓட விட?"

கம்பியை விட்டேன். திரும்பி வரும் வழியில், டவுனுக்கு இந்தப்புறம் உள்ள வளைவில், ஜீப்பின் மேல் மரம் விழுந்தது. நீங்கள் உட்கார்ந்திருந்த பக்கம்.

உங்களைக் கோயிலில் கிடத்தியிருந்தபோது ஹெட்மாஸ்டர் வந்தார். குடையை மடக்கினார். உங்கள் தம்பியின் தோளில் கை வைத்தார். அடுத்தபடியாக அவர் வாயிலிருந்து வந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"புரொஜக்டருக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஒன்றும் ஆகவில்லை, டீச்சர். ஒரு கீறல்கூட இல்லை. புது விளக்கோடு வந்தது. அரசாங்கச் சொத்து, விபத்தில் மாட்டியது, விசாரணை முடிய வேண்டும் என்று என் சேலையோடு சேர்த்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். இன்றுவரை புரொஜக்டர் அங்கேதான் இருக்கிறது. அவர் பணி ஓய்வு பெற்றார், சால்வை போட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். கஞ்சி ஊற்றுகிறவள் போகாமல் இருக்க முடியாது. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கையை எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன், அவர் என் கல்லறைக்கே வந்தாலும்.

லேப்டாப்பைப் புதிதாக வந்தவர்கள் துடைத்துவிட்டார்கள். மெதுவாக ஓடுகிறது, பழைய குப்பை நிறைய இருக்கிறது என்று சொன்னார்களாம். மொச்சைக் கொட்டையும் முக்கோணமும் சங்கும் உங்கள் குரலும்தான் அந்தக் குப்பை. உங்கள் போன் ஜீப்பிலேயே நசுங்கிவிட்டது. வேறு எங்காவது ஒரு பாடம் தங்கியிருக்காதா என்று எஸ்தர் ஒவ்வொரு வீடாகப் போய்ப் போன் கேட்டுப் பார்த்தாள். ஒருவரிடமும் இல்லை. டீச்சர்தான் தினமும் இருக்கிறாரே என்று யாரும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பின் சனங்கள் பிள்ளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். அவர்களைச் சொல்லி என்ன. போன வருஷம் பெரிய வகுப்புகளை நிறுத்தி, எஸ்தரையும் டவுன் மலையாளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சுவரில் கதவு அளவுக்கு ஒரு திரை இருக்கிறதாம். விரலால் தொட்டால் பூமி சுற்றுமாம். நம் பச்சைச் சுவரும் என் சேலையும் அதன்முன் எம்மாத்திரம். முதல் நாள் போய்வந்தவளிடம் எப்படியடி இருக்கிறது என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லாத் தெரியுது பாட்டி. ஒண்ணும் புரியல."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாளாம். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாளாம், பேசமாட்டாளாம். கிறிஸ்துமஸ் லீவு முடிந்து எல்லாரும் போனார்கள், அவள் போகவில்லை. அடித்தேன், அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். இப்போது ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்துக்குப் போய்வருகிறாள். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். என் கை போன வழியில் அவள் கை போகக்கூடாது என்றுதான் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, டீச்சர். கரும்பலகையிலேயே அந்த இருதயத்தை வரைந்திருக்கலாம். ரத்தம் ஓடாவிட்டால் போகட்டும், நீங்கள் இருந்திருப்பீர்கள்.

இன்று சாயங்காலம் எஸ்தர் வந்ததும் சேலையை விரித்துக் காட்டினேன். எலி ஓரத்தைத்தான் கடித்திருக்கிறது. நீலக் கோடு அப்படியே இருக்கிறது. மலை இறங்கி, வளைந்து, அணைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒரு பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மிச்சத்தையும் வரைந்துவிடு, கடல் வரைக்கும் போகட்டும், நான் அப்படியே உடுத்திக்கொண்டு போகிறேன் என்றேன்.

பேனாவைத் திறந்தாள். விரலில் ஏலக்காய் வாசம் அடித்தது.

"எனக்கு வழி மறந்துட்டு பாட்டி" என்றாள். பேனாவை மூடி ஜன்னலில் வைத்துவிட்டு அடுப்பு பற்றவைக்கப் போனாள்.

சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். நாளை மதியமும் ஃபாக்டரிச் சங்கு ஊதும். ஊதி அடங்கியதும் உங்கள் குரல் வரும், எனக்கு மட்டும். யாரும் எந்திரிக்காதீங்க, பாடம் முடியல என்று. என்ன வேலையாக இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன், டீச்சர். தினமும் உட்காருகிறேன். அதற்கு அடுத்த வரி என்னவென்று மட்டும் எனக்கு ஞாபகம் வருவதில்லை.