நாலு மணிக் கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். போன வருட நோட்டில் பொய் நிறையக் கலந்துவிட்டது. வாத்து என்னைத் துரத்தியதை நான் வாத்தைத் துரத்தியதாக எழுதி வைத்திருக்கிறேன். இனி பார்த்தது, கேட்டது, தொட்டது மட்டும்தான். ஊகமாக எதையாவது எழுதினால் ஊகம் என்றே எழுதுவேன்.

மாலை ஆறு மணிக்கு இருபத்து நான்கு முட்டைகளைப் பெட்டியில் வைத்தோம். குளிர்காலத்தில் காட்டுநாய்கள் கோழிக்கூண்டுக்குள் புகுந்த பிறகு எங்களிடம் மிஞ்சியது மூன்று கோழிகளும் ஒரு சேவலும்தான். மூன்றில் ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. அதனால் அப்பா பழைய துணிப்பெட்டியில் இரண்டு பல்புகளைப் பொருத்தி, கண்ணாடி மூடி போட்டு, குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்தார். இந்த முட்டைகள் பொரிந்தால் கூண்டு மறுபடி நிறையும். இல்லையென்றால் கூண்டைப் பிரித்துப் பலகைகளை வேலிக்கு அடித்துவிடுவாராம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"உங்கம்மா கோழிக்குத் தீனி போடணும்னுதான் காலையில எழுந்துப்பா. இப்ப மிஞ்சின நாலுக்கு நானே போட்டுடறேன், எழுந்துக்கறதுக்கு ஒண்ணும் இல்ல அவளுக்கு. பாத்துக்கோ."

பெட்டி இருப்பது சின்ன அறையில். வீட்டிலேயே சூடு நிற்கிற அறை அதுதான். குளிருக்கு முன்னால் அப்பா அதற்கு மஞ்சள் வண்ணம் பூசினார். எனக்குத் தம்பியோ தங்கையோ வருவதாக இருந்தது. வரவில்லை. தொட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அதன் நான்கு கால்களும் நின்ற தடம் தரையில் இருக்கிறது. சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலியும் இருக்கிறது. அம்மா அந்த அறைக்குள் போவதில்லை. துணி காயப்போடக்கூட அந்தக் கதவைக் கடக்காமல் சமையலறையைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

மார்ச் 4, புதன்

முட்டையைத் திருப்பும் வேலை எனக்கு. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், பென்சிலில் போட்டிருக்கிறேன். காலை ஆறு, மாலை நான்கு, இரவு எட்டு. ஒரு நாளைக்கு மூன்று முறை. நான்கு முறை கூடாது. ஏனென்றால் இரவுதான் நீளமான பொழுது. மூன்று முறை திருப்பினால் ஒரு இரவு பெருக்கல் மேலே இருக்கும், மறு இரவு வட்டம். நான்கு முறை திருப்பினால் எல்லா இரவும் ஒரே பக்கம்தான் மேலே இருக்கும். உள்ளே இருப்பது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துவிடும். இது நூலகப் புத்தகத்தில் இருக்கிறது. சுவரில் அட்டவணை ஒட்டிவிட்டேன். திருப்பியதும் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும்.

பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, குளிர்காலத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவர், இன்னும் திரும்பிப் போகவில்லை. அட்டவணையைப் பார்த்துவிட்டு, "கோழிக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா வக்கீலம்மா? அதுவும் நூலகத்துல படிச்சுதா?" என்று கேட்டார்.

மார்ச் 5, வியாழன்

இரவு வட்டம் மேலே இருந்தது. காலையில் திருப்பினேன். ஆகவே நான்கு மணிக்குப் பெருக்கல் மேலே இருக்க வேண்டும். இல்லை. இருபத்து நான்கு வட்டங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

காலையில் மறந்துவிட்டேனா? அட்டவணையில் டிக் இருக்கிறது. அட்டவணைப்படி மறுபடி திருப்பினேன்.

மார்ச் 6, வெள்ளி

இன்றும் வட்டம். இருபத்து நான்கும்.

நாற்காலி சுவரைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தபடி இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

நேற்றும் இன்றும் முட்டைகள் ஒழுங்காக இருந்தன. வைத்தது வைத்தபடியே. நான் வீட்டில் இருக்கும்போது எதுவும் நடப்பதில்லை.

அப்பாவோடு வடக்கு வேலிக்கு ஒன்பது கம்பங்கள் நட்டோம். அம்மா பின்பக்கம் விதைத் தட்டுகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி மண் அள்ளினாள்.

மார்ச் 9, திங்கள்

கதைகளில் வரும் துப்பறிவாளர்களைப் போல, காலையில் என் தலைமுடி ஒன்றை மூடிக்கும் பெட்டிக்கும் குறுக்கே ஒட்டிவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். என் முடி தோள் வரைகூட வராது.

நான்கு மணிக்கு வந்து பார்த்தபோது மூடியின் மேல் ஒரு முடி கிடந்தது. எடுத்து அளந்தேன். என் கையின் நீளத்துக்கு இருந்தது.

நாற்காலியைத் தொட்டேன். சூடாக இருந்தது. பல்பு அங்கே படாது. இது ஊகம் இல்லை. தொட்டது.

மார்ச் 10, செவ்வாய்

ஏழாம் நாள். அறையை இருட்டாக்கி, முட்டைகளை ஒவ்வொன்றாக டார்ச் விளக்கின் மேல் வைத்துப் பார்த்தோம். மூன்றில் கரு பிடிக்கவில்லை. மிச்சம் இருபத்தொன்றில் சிலந்தி மாதிரி சிவப்பு நரம்புகள், நடுவில் ஒரு புள்ளி. ஒரு புள்ளி அசைந்தது. அப்பா, "நம்மளப் பாக்குது பாரு," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியம்மாவுக்கு நீளமான முடி. பகலில் பெட்டியைத் திறக்கிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"எனக்கெதுக்கு உன் முட்டை? ஆம்லெட் போடறதா இருந்தா சொல்லு, தட்டோட வரேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் தினம் உங்கப்பாகூடச் சந்தைக்குப் போயிடறேன். மத்தியானம் அந்த ரூம் பக்கம் யாரும் இருக்கறதில்ல," என்றார்.

அம்மா இருக்கிறாளே என்றேன்.

"அவ போவாளா அங்க?"

மார்ச் 13, வெள்ளி

பத்தாம் நாள். மறுபடி டார்ச் வைத்தோம். ஐந்து முட்டைகளில் நரம்பு இல்லை. அப்பா ஒன்றை வேலியோரம் கொண்டுபோய் உடைத்தார். உள்ளே இருந்தது ஒரே பக்கமாக ஓட்டோடு ஒட்டியிருந்தது. மிச்ச நான்கையும் அங்கேயே போட்டுவிட்டார்.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "முடியலேன்னா சொல்லியிருக்கலாமே. நானே திருப்பியிருப்பேன்ல? செய்யாததுக்கு எதுக்கு டிக் போடற?" என்றார்.

நான் ஒரு முறைகூடத் தவறவில்லை. இந்த நோட்டுக்குத் தெரியும். ஆனால் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? மஞ்சள் அறையில் ஏதோ ஒன்று நான் இல்லாதபோது முட்டைகளைத் திருப்புகிறது என்றா?

இரவு எட்டு மணிக்குத் திருப்பிய பிறகு பார்த்தேன். வட்டம். நேற்று இரவும் வட்டம். பள்ளி இருந்த நாட்கள் எல்லாவற்றிலும் இரவு வட்டம்தான். நான்கு முறை. அதுதான் கொல்கிறது.

மார்ச் 16, திங்கள்

பள்ளியில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டதால் பதினோரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். நான் வாசல் வழியாக வரவில்லை. வேலியோரமாக வந்து சின்ன அறையின் ஜன்னலுக்கு வெளியே குனிந்து நின்றேன். வெயில் நன்றாக அடித்தது.

உள்ளே யாரோ பேசுகிற சத்தம்.

அம்மாதான். நாற்காலியில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு முட்டையாக இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பினாள். பேசிக்கொண்டே திருப்பினாள்.

"வேலி முடிஞ்சிருச்சு. அப்பாவுக்குக் கையெல்லாம் கொப்புளம். தக்காளி முளை விட்டிருக்கு. அக்கா கணக்குப் பரீட்சையில எவ்ளோ வாங்கியிருக்கா தெரியுமா?"

தலையைச் சாய்த்தாள். யாரோ பதில் சொல்வதைக் கேட்பது போலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு மெதுவாகச் சிரித்து, "அப்படியா," என்றாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. நான் எல்லா மூலையும் பார்த்தேன். தொட்டில் நின்ற தடங்களை மிதிக்காமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டிருந்தாள்.

அக்கா என்றது என்னை. என்னை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் குனிந்தபடியே வந்த வழியில் திரும்பிப் போய், பள்ளி விடுகிற நேரம் வரை களஞ்சியத்தில் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தேன்.

இரவு -

அப்பாவிடம் சொன்னால் என் மேல் இருக்கிற பழி போய்விடும். ஆனா அப்பா அம்மாகிட்ட என்னன்னு சொல்வாரு? நீதான் அஞ்சையும் கொன்னேன்னா? ஏற்கெனவே அவ எதையோ நெனச்சுக்கிட்டு தன்னையே திட்டிக்கிட்டு இருக்கா. சொல்ல மாட்டேன். சொல்லவே மாட்டேன்.

ஆனால் பதினாறு முட்டைகள் உயிரோடு இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

மார்ச் 17, செவ்வாய்

விடை சுலபம். நேற்று இரவு முழுக்கத் தூங்காமல் இருந்ததற்கு வெட்கமாக இருக்கிறது. காலை நான், மத்தியானம் அம்மா, இரவு நான். மூன்று முறை. என் நாலு மணி முறையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். செய்யாததற்கு டிக் போட மாட்டேன்.

அப்பா, "நாலு மணிக்குத் திருப்பியாச்சா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். பொய் இல்லை. யார் திருப்பியது என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் 18, புதன்

நாலு மணிக் கட்டத்தில் ஒரு டிக் இருக்கிறது.

என் டிக் வலப்பக்கம் சாயும். இது நேராக நிற்கிறது. நீல மெழுகுப் பென்சில். அம்மா விதைத் தட்டுகளில் பெயர் எழுதுகிற பென்சில்.

எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பெரியம்மா மட்டும், "என்ன, அம்மாவும் பொண்ணும் இன்னிக்கு மௌன விரதமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு பேர் தட்டிலும் சாதம் போட்டார்.

மார்ச் 20, வெள்ளி

நீல டிக். நேற்றும் நீல டிக். ஒரு இரவு பெருக்கல் மேலே, மறு இரவு வட்டம். பதினாறும் நன்றாக இருக்கின்றன.

மார்ச் 21, சனி

பதினெட்டாம் நாள். இனி யாரும் திருப்பக் கூடாது. மூடியைத் திறக்கவே கூடாது. ஈரம் வெளியே போய்விட்டால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே காய்ந்து மாட்டிக்கொள்ளும். அட்டவணையின் மிச்சக் கட்டங்களைக் கோடு போட்டு அடித்துவிட்டு, "யாரும் தொட வேண்டாம், அவையே திரும்பிக்கொள்ளும்" என்று எழுதினேன்.

ஆனால் திங்கள்கிழமை நான் பள்ளிக்குப் போக வேண்டும். அம்மா அந்த அறையில் தனியாக இருப்பாள். அவளால் தொடாமல் இருக்க முடியுமா? ஒரு வரியைப் படித்துவிட்டு யாராவது பேசுவதை நிறுத்துவார்களா?

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா தக்காளி நாற்றுகளைப் பிரித்துத் தொட்டிகளில் வைத்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து பிரித்தேன். ஆறு தொட்டி முடிகிற வரைக்கும் வாய் வரவில்லை. பிறகு, நாளைக்கு மூடியைத் திறக்காதே அம்மா என்றேன்.

அவள் வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "அந்த அஞ்சு. என்னாலதானே?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"கைய வச்சா சூடா இருந்துச்சு. அதான் தினம் போனேன்," என்றாள். அடுத்த நாற்றை எடுத்துக்கொண்டு, "தொடாம விட்டா, எப்ப வெளிய வரணும்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"உன் புத்தகத்துல இருக்கா?"

இருக்கு என்றேன். புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. இந்த நோட்டில் நான் ஒப்புக்கொள்ளும் முதல் பொய் இது. அடிக்கவில்லை, அப்படியே விடுகிறேன்.

மார்ச் 23, திங்கள்

நான்கு மணிக்கு ஓடி வந்தேன். மூடி திறக்கப்படவில்லை. உள்பக்கம் முழுக்க ஆவி. கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கைத் தடம், ஐந்து விரலும் தெளிவாக. ரொம்ப நேரம் வைத்திருந்திருக்க வேண்டும் (ஊகம்).

காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஏதோ தட்டுகிறது.

மார்ச் 24, செவ்வாய்

காலை ஐந்து மணிக்கு அம்மா என்னை எழுப்பினாள். குளிர்காலத்துக்குப் பிறகு அவள் என்னை எழுப்பியது இன்றுதான். "கத்துது," என்றாள். எல்லோர் முன்னாலும் அந்தக் கதவு வழியாகவே உள்ளே போனாள். அப்பா வாயைத் திறந்தார். பெரியம்மா அவர் கையைக் கிள்ளினார்.

பள்ளிக்கு லீவு போட்டேன். மாலைக்குள் பதினொன்று.

மார்ச் 25, புதன்

பதினாறில் பதினான்கு. இரண்டு வரவில்லை. அம்மா அவற்றைக் கைக்குட்டையில் சுற்றி வேலியோரம் ஐந்து கிடந்த இடத்தில் புதைத்தாள். நான் மண்ணைத் தள்ளினேன். உன் புத்தகம் பொய் சொல்லிவிட்டதே என்று அவள் கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. என் தலையில் இருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள்.

மார்ச் 26, வியாழன்

குஞ்சுகளைக் கூண்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். அப்பா வேலிக்கு அடித்தது போக மிஞ்சிய பலகைகளால் கூண்டுக்கு இரட்டைக் கதவு அடித்திருக்கிறார். என்னிடம், "வக்கீலம்மாவுக்கு ரெண்டு கதவு போதுமா, மூணா அடிக்கணுமா?" என்று கேட்டார். மன்னிப்பு கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா நாளையிலிருந்து காலைத் தீனி தன் வேலை என்று சொல்லிவிட்டாள்.

கடைசியாகப் பெட்டியைச் சுத்தம் செய்ய நானும் அம்மாவும் சின்ன அறைக்குப் போனோம். ஓட்டுத் துண்டுகளை அள்ளினோம். பெருக்கல் இருக்கும் துண்டு ஒன்றையும் வட்டம் இருக்கும் துண்டு ஒன்றையும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். நாற்காலியை அம்மா சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்தாள். இருபத்து மூன்று நாட்களாக எரிகிற இரண்டு பல்புகள் மட்டும் மிச்சம்.

அம்மா சுவிட்சில் கை வைத்துக்கொண்டு, "அணைச்சிடட்டுமா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. தொட்டில் நின்ற தடங்களைப் பார்த்துக் கேட்டாள்.

தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். உண்மையை எழுதுவதாக இருந்தால் இதையும் எழுத வேண்டும்: நானும் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா சரி என்பது போலத் தலையாட்டினாள். விளக்குகளை அணைத்தோம்.